இலைவீட்டுத் துள்ளி

அட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும் வழியில், தேயிலைத் தோட்டத்து லயமொன்றின் பின்புறம் சிறியதோர் இஞ்சிப் பாத்தி. சென்ற விடுமுறையில் மாணவருடன் அங்கே சென்றிருந்தோம். இலைகள் சில ஓரம் மடிந்து குழல்போற் சுருண்டிருந்தன. "நோய் விழுந்துவிட்டது ஐயா, மருந்தடிக்க வேண்டும்" என்றார் வீட்டு அம்மையார். பகலெல்லாம் கொழுந்து பறித்து, இஞ்சி விற்ற காசில் மகளுக்குக் கொப்பி வாங்குபவர் அவர். அவர் கவலையை எளிதென்று தள்ளலாமோ?

சுருளொன்றை மெல்ல விரித்தோம். உள்ளே பச்சை உடலும் கருந்தலையும் கொண்ட புழுவொன்று! பெரிய தலையும் ஒடுங்கிய கழுத்தும் துள்ளி வண்ணத்திப்பூச்சிக் குடும்பத்தின் அடையாளங்கள். இவ்வினத்தை அறிஞர் உடாஸ்பெஸ் போலஸ் என்பர். 1775இல் ஒல்லாந்தராகிய பீட்டர் கிராமர் இதற்குப் பெயரிட்டபோது, இலங்கையின் கரையோரமும் அவர் நாட்டார் வசமே இருந்தது.

தாய்ப்பூச்சி இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் இலைமேல் முட்டைகளைத் தனித்தனியே இடுகின்றது. பொரித்த புழு இலையோரத்தை மடித்து, இழையாற் கட்டி வீடமைக்கின்றது. இக்குடும்பத்துப் புழுக்கள் பல, தம் எச்சத்தை வீட்டிற் சேரவிடாது தொலைவில் எறிகின்றன. அமெரிக்கத் துள்ளியொன்றின் புழு, தன் உடல் நீளத்தைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு தூரம் எறியுமாம்! எச்சத்தின் மணம் கொல்லவரும் குளவிக்கு வழிகாட்டும் என்பதை மார்த்தா வைஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. துப்புரவு உயிர்காக்கும் என்பது புழுவுக்கும் பொருந்துகின்றது.

பின்னர் இலைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, ஒருநாள் சிறகுடன் வெளிவருகின்றது. தடித்த உடல், கொக்கிபோல் வளைந்த உணர்கொம்பு நுனி, வெண்புள்ளியிட்ட கருங்கபிலச் சிறகு, பின்சிறகிற் பெரியதொரு வெள்ளைத் திட்டு. சிறகு விரித்தால் 4 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல்.

இஞ்சியும் மஞ்சளும் பெருமளவிற் பயிரிடும் இடங்களில் இது பயிரைக் கெடுக்கும் பூச்சியே, மறுப்பதற்கில்லை. ஆயினும் சிறு பாத்திக்கு நஞ்சு எதற்கு? அது புழுவை ஒடுக்கும் குளவிகளையும் அன்றோ கொல்லும்! சுருளைக் கையாற் பறித்துப் புழுவை அகற்றினாற் போதும். அம்மையாரும் இசைந்தார். மருந்துக் காசும் மிஞ்சியது. ஓரத்துத் தூறு ஒன்றை மட்டும் மகளுக்காக விட்டுவைத்தார். அவள் கொப்பியின் கடைசித் தாளில் நாட்களைக் குறிக்கத் தொடங்கினாள்.

உங்கள் பாத்தியிலும் சுருண்ட இலை கண்டால், பறிக்குமுன் ஒருமுறை விரித்துப் பாருங்கள். உள்ளே ஒரு குடித்தனம் நடக்கக்கூடும்.