தவறிய குளிசை

மூதூர்க் கடற்றொழிலாளர் ஒருவர் மாலையிலே தோணி ஏறுகிறார் என்று கொள்வோம். இதயத்திற் செயற்கை வால்வு பொருத்தப்பெற்றவர். அவ்வால்விற் குருதி கட்டியாகாதிருக்க இரவுதோறும் வார்பரின் குளிசை உண்பவர். வலை இழுக்கும் அலுவலில் அன்றைய குளிசை மறந்துபோயிற்று. மறுநாட் காலை, கொட்டியாரக் குடாவிற் கரையேறும்போதுதான் நினைவு வருகிறது. இன்றிரவு இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடலாமா?

கூடாது. ஏன் கூடாது என்பதை இம்மருந்து தொழிற்படும் முறையே சொல்லும். குருதியை உறையச் செய்யும் புரதங்கள் சிலவற்றை, விற்றமின் கே என்னும் சத்தின் துணைகொண்டு ஈரல் ஆக்குகிறது. அத்துணையைத் தடுப்பதே வார்பரினின் வேலை. முன்னரே ஆக்கப்பெற்ற புரதங்கள் செலவாகித் தீரவேண்டுமாதலால், இன்று உண்ட குளிசையின் முழுப்பயன் இரண்டு மூன்று நாள் கழித்தே தோன்றும். ஆகவே ஒருநாட் குளிசை தவறியதால் அப்பொழுதே பெருந்தீங்கு நேர்வது அரிது. இரட்டித்து உண்டாலோ, உண்டதை மறந்திருக்கும் வேளையிற் குருதிப்பெருக்கு வரக்கூடும். இதே பொருள் 1948ஆம் ஆண்டளவில் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்தது. 1954இலேதான் மனிதர்க்கு மருந்தாக ஏற்கப்பெற்றது. அளவு மிஞ்சினால் என்னாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நள்ளிரவுக்கு முன் நினைவு வந்தால், அன்றைய குளிசையை அப்பொழுதே உண்ணலாம். நள்ளிரவு கடந்துவிட்டால் அதனை விட்டுவிட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் உண்ணவேண்டும். இரண்டு நாளோ அதற்கு மேலோ தவறினால் தாமதியாது வைத்தியரைக் கேட்டல் வேண்டும். அபிக்சபான், ரிவரொக்சபான் முதலிய புதிய மருந்துகளின் வலு ஒருநாளளவிற் குறைந்துவிடும்; அவற்றுக்குரிய விதி வேறு. அதனை மருந்து தருபவரிடமே முன்கூட்டிக் கேட்டு வைத்திருத்தல் நன்று.

மறதியைவிட நான் அஞ்சுவது, மறந்ததை மறைப்பதையே. கிளினிக்கிற் குருதியைச் சோதிக்கும் வைத்தியர், அது விரைந்து உறைவதைக் கண்டு, கொடுத்த அளவு போதவில்லை என்று எண்ணி அதனைக் கூட்டிவிடுவார். நோயாளியோ வீடு திரும்பி, ஏச்சுக்கு அஞ்சி, ஒருநாளும் தவறாமல் உண்பார்! தவறிய நாளைக் கொப்பியிற் குறித்துக் காட்டினால் இவ்விபரீதம் நேராது.

முகம் கோணுதல், ஒரு கை சோர்தல், பேச்சுக் குழறுதல், கருநிற மலம், நில்லாத குருதியொழுக்கு, தலையிற் பலத்த அடி, இவற்றுள் எது நேரினும் கிளினிக் நாளுக்காகக் காத்திராது, உடனே 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழைக்க வேண்டும்.