கரும்பு நிற்கிறது, வெட்ட ஆள் எங்கே?

அரவைக் காலத்தில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைப் பக்கம் போனால், கரும்பு டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். கண்ணில் படாத இன்னொரு வரிசையும் உண்டு. வெட்டு உத்தரவு வந்தும் ஆள் கிடைக்காமல் மேஸ்திரி வீட்டுக்கு நடையாய் நடக்கும் விவசாயிகளின் வரிசை அது.

சீசனுக்கு முன்பே முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக ஆள் பிடித்து வைப்பவர் மேஸ்திரி. கம்பெனிகளில் மனிதவளத் துறை பார்க்கிற ஆள்சேர்ப்பு, வருகைப் பதிவு, சம்பளக் கணக்கு எல்லாம் அவர் சட்டைப்பை நோட்டில் அடங்கிவிடும். ஆள் நழுவினால் முன்பணமும் போச்சு.

இளசுகள் அந்த நோட்டுக்குள் வர விரும்புவதில்லை. செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் காலணி ஆலைகள் இருக்கின்றன. திண்டிவனத்துக்கும் சிப்காட் வந்துவிட்டது. அங்கே கம்பெனி பஸ், மாதச் சம்பளம், பி.எஃப்., 21,000 ரூபாய் வரை வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ. இங்கேயோ குனிந்து அடியோடு வெட்டி, சோகை கழித்து, கொழுந்தாடையாலேயே கட்டுக் கட்டி, தலைச்சுமையாக வண்டியில் ஏற்ற வேண்டும். கூலி டன் கணக்கில். மழை பெய்தால் அதுவும் இல்லை. யார் வருவார்கள்?

கூலியை ஏற்றிக் கொடுக்கலாமே என்று சொல்வது சுலபம். வெட்டுக்கூலி விவசாயி தலையில் விழுகிறது. 2024-25 பருவத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்த கரும்பு விலையான குவிண்டாலுக்கு 340 ரூபாய், 10.25 சதவீதப் பிழிதிறனுக்கானது. தமிழ்நாட்டு ஆலைகள் பலவும் அந்தப் பிழிதிறனை எட்டுவதில்லை; அதனால் விலையும் குறைகிறது. வெட்டு தள்ளிப்போனாலும், வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தாலும் நஷ்டம் விவசாயிக்கே. அறுவடை இயந்திரத்துக்கு நாலைந்து அடி பார் இடைவெளி வேண்டும். ஒரு ஏக்கர், அரை ஏக்கர் துண்டு நிலத்தில் அது திரும்பவே இடம் இருக்காது.

பெரிய ஆலைகளும் ஆளைச் சுலபமாகத் தக்கவைக்கவில்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் பாதிக்கப்பட்டபோது, சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் அந்த ஆலைத் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. 2021-இல் அவர்கள் மறியல் செய்தது சம்பள உயர்வுக்காக அல்ல, சோற்றுக்கும் தங்குமிடத்துக்கும்.

வெட்டு ஆட்களுக்கு அந்த அளவு கேட்கவில்லை. தங்க ஒரு கூரை, குடிதண்ணீர், கழிப்பறை, அரிவாள் காலில் பட்டால் காப்பீடு. ஆலையும் அரசும் அடுத்த அரவைக்கு முன் இவற்றை வெட்டு ஒப்பந்தத்தில் எழுதிவிடட்டும்.