ஒருங்கிணைந்த இல்லத் திரையரங்கு

ஒருங்கிணைந்த இல்லத் திரையரங்கு என்பது வட்டியக்கி, மிகைப்பி, ஒலிபெருக்கிகள் ஆகியன ஒரே தொகுதியாக விற்கப்படும் ஒலியமைப்பு ஆகும். 5.1 வகையில் ஐந்து ஒலிபெருக்கிகளும், தாழ்ந்த ஒலிகளுக்கான சப்வூஃபர் ஒன்றும் உண்டு.

தெரிவு

விளம்பரங்களில் பெரிதாகக் காட்டப்படும் பி.எம்.பி.ஓ. வாட் அளவு உண்மைத் திறனைக் குறிப்பதில்லை. ஆர்.எம்.எஸ். அளவையே ஒப்பிடுதல் வேண்டும்.

அமைத்தல்

உரையாடல் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியில் ஒலிப்பதால், அது தொலைக்காட்சியின் நேர்மேலோ நேர்கீழோ இருத்தல் நன்று. கேட்பவரின் நேர்முன் திசையிலிருந்து இருபுறமும் முன் ஒலிபெருக்கிகள் 30 பாகையிலும், சூழொலிபெருக்கிகள் 100 முதல் 120 பாகையிலும் அமைய வேண்டும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகும். ஒவ்வொன்றின் தொலைவையும் அளந்து கருவியில் பதிந்தால், ஒலிகள் ஒருங்கே செவியை அடையும்.

பராமரிப்பு

திருவாரூர் மாவட்டத்தின் முத்துப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கம்பி முனைகளை அரிக்கக்கூடும். மின்னிணைப்பைத் துண்டித்தபின் அவற்றை அவ்வப்போது துடைத்தல் நலம்.