ஆறு கணினிக்கும் ஒரே மணி

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை. உங்கள் அலுவலகத்தில் ஆறு கணினிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பை எண்ணித்தான் மணி சொல்கிறது. பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளுக்கு ஒன்றே முக்கால் நொடி போய்விடும். மாதத்தில் கிட்டத்தட்ட ஒரு நிமிடம். ஒன்று முந்தும், இன்னொன்று பிந்தும். பிறகு இரண்டு கணினிகளின் லாகுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், கேள்விக்கு முன்பே பதில் வந்திருக்கும்! விண்டோஸ் டொமைனில் வித்தியாசம் 5 நிமிடத்தைத் தாண்டினால், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடாமல் போகலாம்.

இதற்கு டேவிட் மில்ஸ் 1985-ல் எழுதிவைத்த வழிதான் என்டிபி. சர்வரிடம் மணி கேட்டால் பதில் வர நேரமாகும், அதற்குள் அந்த மணி பழசாகிவிடுமே? அங்கேதான் அழகு. உங்கள் கணினி சரியாகப் பத்து மணிக்குக் கேட்கிறது. சர்வர் அதை வாங்கும்போது அதன் கடிகாரத்தில் பத்து மணி 3.020 நொடி, பதில் போடும்போது 3.021. பதில் வந்து சேரும்போது உங்கள் கடிகாரத்தில் 0.041. மொத்தம் 41 மில்லிநொடி. சர்வரிடம் தங்கிய 1 போக, வழியில் 40. போக 20, வர 20 என்று கொண்டால், சர்வர் 3.020 காட்டிய கணத்தில் உங்களுடையது 0.020 காட்டியிருக்கும். சரியாக 3 நொடி பின்னால் இருக்கிறீர்கள்.

அந்தப் பாதிக்குப் பாதி கணக்குதான் பலவீனம். போக 30, வர 10 என்றிருந்தால் விடையில் 10 மில்லிநொடி தவறும். இணையத்தில் இது சகஜம். ஒரே கட்டடத்துக்குள் வழியே ஒரு மில்லிநொடிகூட இருக்காது.

ஆகவே ஒரு கணினி மட்டும் வெளியே கேட்கட்டும், மற்ற ஐந்தும் அதனிடம் கேட்கட்டும். க்ரோனி என்ற என்டிபி மென்பொருளைப் போட்டு, வெளிச் சர்வர்கள் நாலைக் கொடுங்கள். இரண்டே இருந்து முரண்பட்டால் எதை நம்புவது? க்ரோனியில் ‘லோக்கல்’ என்ற வரியையும் சேர்த்துவிட்டால், இணையம் அறுந்தாலும் ஆறும் தங்களுக்குள் ஒத்துப்போகும். சின்ன நெட்வொர்க்கில் அந்த ஒற்றுமைதான் முக்கியம் என்பேன்.

முந்திய கடிகாரத்தைச் சட்டென்று பின்னுக்குத் தள்ளாதீர்கள். சேமித்த கோப்புகள் எதிர்காலத் தேதியோடு நிற்கும். க்ரோனி அதை மெதுவாக ஓடவிட்டுச் சரிசெய்யும். பேட்டரிக் கடிகாரம் இல்லாத ராஸ்பெர்ரி பை போன்றவற்றுக்கு மட்டும், பூட் ஆனதும் ஒரே தாவலில் நேரத்தைப் பிடிக்க ‘மேக்ஸ்டெப்’ வரியைச் சேர்த்துவிடுங்கள்.