குட்டிச்சாத்தானின் ஐஸ்கிரீமும் உங்கள் கம்ப்யூட்டரும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதலில் நடக்கும் வேலைகளில் ஒன்று, பழைய சினிமாப் படங்களைத் தேடிப் பார்ப்பது. அப்படித் தேடும்போது 'மை டியர் குட்டிச்சாத்தான்' படமும் உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். அதைப் பார்க்கும் குழந்தைகள், "இதில் வருகிறவர்கள் ஏன் எதை எடுத்தாலும் நம் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள்?" என்று கேட்பார்கள். "அது 3டி படம்" என்று பெரியவர்கள் பதில் சொல்வார்கள். அப்படியானால் உங்கள் மானிட்டரில் மட்டும் அது ஏன் தட்டையாகத் தெரிகிறது? 3டி படம் எப்படி வேலை செய்கிறது? நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைச் செய்ய முடியுமா? இவற்றை இங்கே பார்ப்போம். குழந்தைகள் உள்ள வீட்டினர் கடைசிப் பகுதியைத் தவறாமல் படியுங்கள்.

அது என்ன படம்?

1984 ஆகஸ்ட் மாதம் வெளிவந்த மலையாளப் படம் இது. இந்தியாவின் முதல் 3டி படம். நவோதயா அப்பச்சன் தயாரிக்க, அவர் மகன் ஜிஜோ இயக்கினார். ஒளிப்பதிவு அசோக்குமார். இசை நம் இளையராஜா. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் டப் செய்யப்பட்டது.

குழந்தைகள் படம்தான், ஆனால் விசித்திரமான கதை. மந்திரவாதியிடம் அடிமையாக இருக்கும் குட்டிச்சாத்தானை மூன்று குழந்தைகள் விடுவிக்கிறார்கள். அதில் ஒரு குழந்தையின் அப்பா குடிகாரர். அவரைத் திருத்த வரும் குட்டிச்சாத்தான், தானே மதுக்கடையைக் காலி செய்கிற அளவுக்குக் குடிக்கிறது! முடிவில் வௌவாலாக மாறிப் பறந்து போய்விடுகிறது.

ஒரு பாட்டில் குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடப்பார்கள். இது கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் அல்ல. கலை இயக்குநர் கே. சேகர் ஓர் அறையையே ராட்டினம்போல் சுழலும்படி அமைத்தார். அறையோடு சேர்ந்து கேமராவும் சுற்றும். அதனால் பார்க்கிற நமக்கு அறை அசையாமல் இருப்பதுபோலவும், குழந்தைகள் சுவரில் ஏறுவதுபோலவும் தெரிகிறது.

இரண்டு கண், இரண்டு படம்

ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டிக் கொள்ளுங்கள். இடக் கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு வலக் கண்ணை மூடிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவரை ஒட்டி விரல் இடம் மாறிக் குதிப்பதுபோல் தெரியும். நம் இரு கண்களுக்கும் நடுவே சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறான படத்தைப் பார்க்கிறது. இரண்டையும் மூளை ஒப்பிட்டு, எது அருகில், எது தூரத்தில் என்று கணக்கிடுகிறது. ஆக, 3டி என்பது திரையிலும் இல்லை, கண்ணாடியிலும் இல்லை. மூளைக்குள் நடக்கிறது.

குட்டிச்சாத்தானில் இரு கண்ணுக்கும் உரிய படங்கள் ஒரே பிலிமில் மேலும் கீழுமாகப் பதிவாகின. தியேட்டரில் விசேஷ லென்ஸ் இரண்டையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டியது. ஒரு படத்தின் ஒளி அலைகள் ஒரு திசையிலும், மற்றதன் அலைகள் அதற்குக் குறுக்காகவும் அசையும்படி வடிகட்டப்பட்டன. போலரைஸ்டு கண்ணாடி, இடப் படத்தை இடக் கண்ணுக்கும் வலப் படத்தை வலக் கண்ணுக்கும் மட்டும் விட்டது. சாதாரண வெள்ளைத் திரையில் இந்தத் திசை கலைந்துவிடும் என்பதால் வெள்ளிப் பூச்சுத் திரை தேவைப்பட்டது.

அந்தக் கண்ணாடியால் 'மெட்ராஸ் ஐ' பரவும் என்று அப்போது வதந்தி கிளம்பியது. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கண்ணாடிகள் சுத்தம் செய்யப்படுகின்றன என்று ரஜினிகாந்த், அமிதாப் பச்சன் போன்ற நட்சத்திரங்களே படத்தின் தொடக்கத்தில் தோன்றிச் சொல்ல வேண்டியதாயிற்று.

உங்களிடம் இருப்பது பாதிப் படம்

டிவிக்கும் வீடியோவுக்கும் மாற்றும்போது ஒரு கண்ணுக்கு உரிய படத்தை மட்டுமே எடுத்துக் கொள்கிறார்கள். நீங்கள் சாதாரண வீடியோவாகப் பார்ப்பது அந்தப் பாதிதான். மற்றக் கண்ணின் படம் அந்தப் பைலில் கிடையாது. தட்டைப் படத்தை 3டியாக மாற்றும் சாப்ட்வேர்கள், இல்லாத பாதியை ஊகித்துத்தான் வரைகின்றன. தியேட்டர் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு மானிட்டரைப் பார்த்தாலும் பயன் இல்லை.

நீங்களே செய்து பாருங்கள்

சிவப்பு, நீலப்பச்சை நிறக் கண்ணாடி போதும். நீலப்பச்சையைக் கம்ப்யூட்டரில் சயான் என்பார்கள். மானிட்டரின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறங்கள் உண்டு. இடப் படத்தின் சிவப்பையும், வலப் படத்தின் பச்சை, நீலத்தையும் சேர்த்து ஒரே படமாக்க வேண்டும். சிவப்புக் கண்ணாடி சிவப்பை மட்டும் விடும், சயான் மற்ற இரண்டையும் விடும். அவ்வளவுதான்.

1. அசையாத பொருளைப் போட்டோ எடுங்கள். கேமராவைச் சாய்க்காமல் ஆறரை சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தி இன்னொன்று எடுங்கள்.

2. விண்டோஸில் இயங்கும் 'ஸ்டீரியோ போட்டோ மேக்கர்' என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்யுங்கள். பைல் மெனு மூலம் இடப் படம், வலப் படம் என்ற வரிசையில் திறங்கள்.

3. அட்ஜஸ்ட் மெனுவில் ஆட்டோ அலைன்மென்ட் கொடுங்கள். படங்கள் ஏற்ற இறக்கம் இன்றி நேராகும்.

4. ஸ்டீரியோ மெனுவில் கலர் அனாகிளிப் என்பதில் சிவப்பு/சயானைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்யுங்கள்.

சிவப்பு இடக் கண்ணில் இருக்கும்படி கண்ணாடியை அணியுங்கள்.

எங்கள் ஊர் பூம்புகார். கடற்கரையில் அலையை எடுத்தபோது சரிவரவில்லை. இரண்டு போட்டோவுக்கும் இடையில் அலை நகர்ந்துவிடுகிறது. மணலில் ஏற்றி வைத்த படகு அருமையாக வந்தது. சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் ஏழு நிலை மாடத்தைத் தூரத்தில் நின்று எடுத்தால் தட்டையாக இருக்கும். அதற்கு ஆறரை சென்டிமீட்டர் போதாது. மிக அருகில் உள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு நகர வேண்டும் என்பது கணக்கு. முப்பது மீட்டர் தூரம் என்றால் ஒரு மீட்டர் நகருங்கள்.

குழந்தைக்கு 3டி தெரியவில்லையா?

படகுப் படத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். ஆறு வயதான என் அக்கா மகன் மட்டும், "ஒன்னும் வெளியே வரலையே மாமா" என்றான். கண்ணாடியைத் திருப்பிப் போட்டிருக்கிறானா என்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அவனுடைய வலக் கண்ணை மூடி, எதிர்ச் சுவரில் இருந்த தினசரிக் காலண்டரின் தேதியைக் கேட்டேன். பெரிய எழுத்துதான், ஆனால் அவனால் படிக்க முடியவில்லை. வலக் கண் நன்றாக இருந்ததால் அதுவரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, இடக் கண்ணில் பவர் அதிகம், அதன் மங்கலான படத்தை மூளை ஒதுக்கப் பழகிவிட்டது என்றார். இதைச் 'சோம்பேறிக் கண்' என்கிறார்கள். கண்ணாடி கொடுத்து, தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணை மறைத்து வைக்கச் சொன்னார். இடக் கண்ணின் பார்வை இப்போது தேறி வருகிறது. ஏழு, எட்டு வயதுக்குள் தொடங்கினால் இந்தச் சிகிச்சை நன்றாகப் பலன் தரும். வயது ஏற ஏறக் கடினம்.

சிவப்பு, சயான் படம் மருத்துவப் பரிசோதனை ஆகாது. நிறக் குறைபாடு உள்ளவர்களுக்கும், சரியாகச் சேராத படத்திலும் 3டி தெரியாமல் போகலாம். படம் நன்றாகத் தெரிந்தாலும் கண்ணில் வேறு குறை இருக்கலாம். எனவே பள்ளியில் சேரும் வயதில் எல்லாக் குழந்தைகளின் கண்களையும் ஒரு முறை டாக்டரிடம் காட்டுவது நல்லது. மற்றவர்களுக்கு வெளியே வரும் படம் உங்கள் குழந்தைக்கு மட்டும் தட்டையாகத் தெரிந்தால் தள்ளிப் போடாதீர்கள். அந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.