எழுத்தில் ஏற்றிய விளக்கு

துன்பத்தில் உழல்வோர்க்கு ஆறுதல் கூறுவார் வேண்டும். ஆயினும், துன்பம் வந்துற்ற வேளையில் ஆறுதல் கூறவல்லார் அருகிருத்தல் அரிது. தாய் தந்தையர் தொலைவில் இருப்பர்; நண்பர் உறங்கியிருப்பர்; வழிகாட்டிய ஆசிரியர் காலமாகியிருப்பார். அத்தகைய தனிமையில் நமக்குத் துணையாக வரக்கூடியது ஒன்று உண்டெனில், அது எழுத்தாகும். பேசிய சொல், கேட்டவர் நினைவு உள்ளவரை நிற்கும். எழுதிய சொல்லோ, எழுதியவர் மண்ணாகி மறைந்த பின்னரும், தன்னைத் தேடி வருபவர்க்காகக் காத்திருக்கும்.

கிறிஸ்தவ சமயத்தின் வரலாற்றை நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகப் புலப்படுகின்றது. கலங்கிய உள்ளம் ஒன்று எழுதி வைத்தது, பல நூற்றாண்டுகளின் பின் மற்றொரு கலங்கிய உள்ளத்தைத் தேற்றியிருக்கின்றது. தேறிய அவ்வுள்ளம் தானும் எழுதியிருக்கின்றது. அவ்வெழுத்து வேறொருவரைச் சென்றடைந்திருக்கின்றது. இவ்வாறு தொடரும் சங்கிலி ஒன்றின் ஐந்து கண்ணிகளை ஈண்டு நோக்குவோம். அவர்களுள் ஒருவர் யூதர், ஒருவர் வட ஆபிரிக்கர், ஒருவர் ஜேர்மானியர், ஒருவர் ஆங்கிலேயர், ஒருவர் தமிழர். இவர்கள் ஒருவரையொருவர் கண்டவர்கள் அல்லர்.

உரோமாபுரிக்குச் சென்ற கடிதம்

கி.பி. 57ஆம் ஆண்டளவில் கொரிந்து நகரில் தங்கியிருந்த பவுலடிகள், தாம் அதுவரை சென்றிராத உரோமாபுரியில் வாழ்ந்த விசுவாசிகளுக்குக் கடிதமொன்று வரைந்தார். அவர் சொல்லச் சொல்ல, தெர்தியு என்பவர் எழுதினார். அந்நகருக்கு வரும் எண்ணத்தை அறிவிப்பதும், அங்குள்ளோரை நம்பிக்கையில் நிலைநிறுத்துவதும் அக்கடிதத்தின் நோக்கங்கள். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்த பின் அதனை யார் கையில் எடுப்பர் என்பதை அவர் அறிந்திருக்க முடியாது.

386ஆம் ஆண்டு, இத்தாலியில் உள்ள மிலான் நகரின் தோட்டமொன்றில் அகுஸ்தீன் என்பவர் அழுதுகொண்டிருந்தார். இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தாகாஸ்தே என்னும் ஊரில் 354ஆம் ஆண்டு பிறந்த இவர், சொல்லாற்றல் கற்பிக்கும் பேராசிரியராக விளங்கினார். கல்வி இருந்தது, புகழ் இருந்தது, மன அமைதி மட்டும் இல்லை. நல்வழி இதுவெனத் தெரிந்திருந்தும், பழைய வாழ்க்கையைக் கைவிட இயலாது தவித்தார். அவ்வேளை அயல் வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் குரல், எடுத்துப் படிக்கும்படி மீண்டும் மீண்டும் பாடுவது அவர் செவியில் விழுந்தது. தம் நண்பர் அலிப்பியுஸ் அமர்ந்திருந்த இடத்துக்குத் திரும்பிச் சென்று, அங்கே தாம் வைத்திருந்த பவுலடிகளின் கடிதங்களைத் திறந்து, கண்ணிற் பட்ட பகுதியைப் படித்தார். அது உரோமருக்கு எழுதிய கடிதத்தின் 13ஆம் அதிகாரம். அதற்கு மேல் படிக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. நெஞ்சிலிருந்த ஐயம் அகன்றது.

இந்நிகழ்ச்சியில் மற்றொரு சிறப்பும் உண்டு. அலிப்பியுஸ் அந்த ஏட்டை வாங்கி, நண்பர் நிறுத்திய இடத்துக்கு அடுத்த வரியைப் படித்தார். நம்பிக்கையில் பலவீனமானவரை ஏற்றுக்கொள்ளுமாறு கூறும் வரி அது. அது தமக்கே உரியதென அவர் கொண்டார். ஒரே ஏட்டின் அடுத்தடுத்த வரிகள் இரு வேறு மனிதரின் இரு வேறு தேவைகளுக்கு விடையளித்தன. மறு ஆண்டு இருவரும் மிலானில் ஞானஸ்நானம் பெற்றனர். பிற்காலத்தில் அகுஸ்தீன் கடவுளை நோக்கிக் கூறும் முறையில் தம் வாழ்க்கையை எழுதி வைத்தமையாலேயே இவை யாவும் நமக்குத் தெரிய வந்தன.

அச்சத்தில் வாழ்ந்த துறவி

அகுஸ்தீனின் பெயரால் அமைந்த துறவியர் சபையொன்றில், 1505ஆம் ஆண்டு ஜேர்மனியின் எர்பர்ட் நகரில் மார்ட்டின் லூதர் சேர்ந்தார். நோன்பும் செபமும் கைக்கொண்டும், கடவுளுக்கு ஏற்றவனாக ஆகவில்லையே என்னும் அச்சம் அவரை விட்டகலவில்லை. கடவுளின் நீதி என்னும் சொல்லே அவருக்கு நடுக்கத்தைத் தந்தது. பவுலடிகளின் அதே கடிதத்தை இரவு பகலாக ஆராய்ந்த பின்னரே, அந்நீதி தண்டிக்கும் நீதியன்று, நம்பிக்கை கொண்டோர்க்கு இறைவன் அருளும் கொடை என்னும் பொருள் அவருக்குப் புலனாயிற்று. அதன் பின் அகுஸ்தீனின் நூலொன்றைப் படித்தபோது, அவரும் அவ்வாறே பொருள் கொண்டிருந்ததைக் கண்டு மகிழ்ந்ததாக லூதர் தம் முதுமையில் எழுதியுள்ளார்.

லூதரின் பெயரோடு இணைந்த சமயப் பிணக்குகள் பல. அவற்றுள் நாம் இங்கே புகவில்லை. தாம் பட்ட அச்சத்தை மறையாது எழுதினார் என்பதே நமக்கு வேண்டுவது. கலாத்தியருக்குப் பவுலடிகள் எழுதிய கடிதத்துக்கு அவர் நிகழ்த்திய விரிவுரை 1535இல் அச்சேறியது. 1575இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன் பழைய பிரதியொன்று ஓர் ஏழைத் தொழிலாளியின் கையை அடைந்தது.

பாத்திரம் ஒட்டுபவரும் இரு திறவுகோல்களும்

அத்தொழிலாளி ஜோன் பனியன். 1628ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெட்போர்ட் நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் ஊரில் பிறந்தவர். ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஒட்டுப் போடுவது அவர் குலத்தொழில். அவர் மணம் முடித்தபோது, வீட்டில் ஒரு தட்டோ கரண்டியோ கூட இல்லாத வறுமை. மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு புத்தகங்கள். அவள் தந்தை விட்டுச் சென்ற சமய நூல்கள் அவை. அவற்றை இருவரும் சேர்ந்து படித்தனர். இன்று பெண்ணுக்குச் சீதனம் தேடி அலையும் நம் சமுதாயம் இதனைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று.

புத்தகம் படித்த உடனே பனியனுக்கு அமைதி வந்துவிடவில்லை. தாம் இறைவனாற் கைவிடப்பட்டவர் என்னும் எண்ணம் அவரை ஆண்டுக்கணக்கில் வாட்டிற்று. அக்காலத்திலேதான், தொட்டால் உதிர்ந்துவிடும் நிலையிலிருந்த லூதரின் விரிவுரை அவருக்குக் கிடைத்தது. சில பக்கங்களைப் படித்த மாத்திரத்தே, தம் நெஞ்சைப் பார்த்து எழுதியது போலிருக்கக் கண்டு வியந்தார். புண்பட்ட மனச்சாட்சிக்கு, வேதாகமம் நீங்கலாக, இதனினும் ஏற்ற நூலைத் தாம் கண்டதில்லை என்பது அவரது கருத்து.

1660ஆம் ஆண்டு நவம்பர் மாதம், உத்தரவின்றிச் சமயக் கூட்டம் நடத்திப் போதித்தார் என்று பனியன் கைதானார். இனிப் போதிப்பதில்லை என்று ஒரு வாக்குறுதி அளித்தால் வீடு செல்லலாம். அந்த ஒரு சொல்லே சிறைக்கதவின் திறவுகோல். அதனை அவர் தர மறுத்தார். வீட்டிலே இளம் மனைவி. முதல் மனைவி விட்டுச் சென்ற குழந்தைகள் நால்வர். மூத்தவள் மேரி கண்பார்வை அற்றவள். அவளை எண்ணும்போது தம் தசையை எலும்பிலிருந்து பிய்ப்பது போன்ற வேதனை உண்டாயிற்றென அவர் எழுதுகின்றார். மனைவி எலிசபெத் நீதிபதிகள் முன் நின்று கணவனுக்காக மன்றாடினாள், பயன் கிட்டவில்லை. சிறையிலிருந்தவாறே நாடாக்களுக்கு முனைத்தகடு பொருத்தி விற்றுக் குடும்பத்துக்கு உதவினார். இவ்வாறு 12 ஆண்டுகள் கழிந்தன.

அச்சிறையில் அவர் எழுதினார். தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என நாம் வழங்கும் நூலை அங்கேயே எழுதத் தொடங்கினார் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அது 1678இல் வெளிவந்தது. முதுகிலே பாரம் சுமந்த ஒருவன் அழிவின் நகரை விட்டு விண்ணக நகரை நாடிச் செல்லும் கதை அது. வழியிலே அவனும் அவன் தோழனும் ‘அவநம்பிக்கை’ என்னும் அரக்கனிடம் அகப்பட்டு, அவன் கோட்டையின் இருட்டறையிற் கிடக்கின்றனர். தற்கொலை செய்து கொள்ளுமாறு அரக்கன் அவர்களைத் தூண்டுகின்றான். நாட்கள் கழிகின்றன. இரவெல்லாம் செபித்த பின், தன் மார்பிலே ஒரு திறவுகோல் இருப்பது அப்பயணிக்குத் திடீரென நினைவுக்கு வருகின்றது. அதன் பெயரும் ‘வாக்குறுதி’யே. அந்தக் கோட்டையின் எந்தப் பூட்டையும் அது திறக்கவல்லது. அறைக்கதவு திறந்தது, முற்றத்துக் கதவு திறந்தது, வெளி வாயிலின் பூட்டு வருந்தித் திறந்தது. இருவரும் தப்பினர்.

மனிதருக்கு அளிக்க வேண்டிய ஒரு வாக்குறுதியை மறுத்துச் சிறையில் இருந்தவர், இறைவன் அளித்த வாக்குறுதியைத் திறவுகோலாக்கிக் கதை எழுதினார். பூட்டிய கதவின் உட்புறத்தை அறிந்தவரது எழுத்தாதலின், அஃது உலகின் 200க்கும் மேற்பட்ட மொழிகளில் இன்று படிக்கப்படுகின்றது.

தமிழ் மண்ணில்

எழுத்து ஒருவர் நெஞ்சைத் தொட வேண்டுமாயின், அவர் தாய்மொழியிற் பேச வேண்டும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. நம் நாட்டிலும் இப்பணி நடைபெற்றது. தமிழரான பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சிடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது, அவருக்குத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது. சைவத்தின் காவலராக விளங்கிய பெருமகன், பிற சமயத்தாரின் மறைநூல் செம்மையான தமிழில் அமையத் தம் புலமையை ஈந்தார். எழுத்தின் மீது அவர் கொண்டிருந்த மதிப்புக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

1827ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில், வைணவக் குடும்பமொன்றில் பிறந்தவர் கிருஷ்ணபிள்ளை. கம்பனைக் கற்றுத் தேர்ந்த புலவர். சாயர்புரத்தில் கிறிஸ்தவர் நடத்திய கல்விச்சாலையில் தமிழாசிரியராய் அமர்ந்த இவர், நண்பர் தனக்கோடி ராசுவின் உறவாலும் தம் ஆராய்ச்சியாலும் கிறிஸ்துவை ஏற்று, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். பனியனின் கதை அவர் கைக்கு வந்தபோது, அதனை வெறுமனே மொழிபெயர்த்து அவர் அமையவில்லை. கம்பனிடத்துக் கற்ற விருத்தங்களில், ஐந்து பருவங்களாக வகுத்து, ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியமாகப் பாடினார். இடையிடையே தேவார முறையிலும் இறைவனைத் துதித்தார். 1894இல் அது நூலாயிற்று. ஆறாண்டுகளின் பின், 1900இல், அவர் மறைந்தார். ஆங்கிலச் சிறையில் மூட்டிய விளக்கு, தாமிரபரணிக் கரையில் தமிழ் நெய்யூற்றி எரிந்தது.

நமக்கு உரியது

இவ்வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இவர்களுள் எவரும் பிறருக்கு அறிவுரை கூறும் உயரமான இடத்திலிருந்து எழுதவில்லை. தாம் பட்ட காயத்தைக் காட்டி, அது ஆறிய விதத்தையும் கூறினர். ஆதலினாலேயே படிப்பவர், நம்மைப் போல் ஒருவர் முன்னரே இவ்வழியால் நடந்திருக்கின்றார் என்று துணிவு பெறுகின்றார். நம்பிக்கை பிறப்பதற்கு அத்துணிவே முதற்படி.

மற்றொன்று, புத்தகம் தனியே வந்ததில்லை. அகுஸ்தீனின் அருகில் அலிப்பியுஸ் இருந்தார். பனியனோடு அவர் மனைவி படித்தாள். கிருஷ்ணபிள்ளைக்குத் தனக்கோடி ராசு வாய்த்தார். ஆகவே, மனம் சோர்ந்த பிள்ளைக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நாம் எழுந்து போதல் ஆகாது; பக்கத்தில் இருந்து படித்தல் வேண்டும். பரீட்சையில் தவறிய மகனுக்கும், வேலையிழந்த சகோதரனுக்கும் படிப்பவர் குரலும் ஒரு மருந்தே.

கைத்தொலைபேசியின் திரையில் நாள்தோறும் எத்தனையோ வரிகள் நம் கண்முன் ஓடுகின்றன. அவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நல்ல வரி அங்கும் உண்டு. ஆயின், அகுஸ்தீன் ஒரு சிறு பகுதியைப் படித்து ஏட்டை மூடினார், அப்பகுதியோடு வாழ்ந்தார். லூதர் ஒரு சொல்லின் பொருளுக்காக இரவு பகலாய்க் காத்திருந்தார். பல வரிகளை ஓட்டிச் செல்வதிலும் ஒரு வரியில் தங்கியிருத்தல் நெஞ்சுக்கு உரமூட்டும்.

எந்தச் சமயத்தவராயினும், நம் வீட்டுப் பெட்டிகளில் பழைய வேதாகமமோ, திருமுறையோ, பாட்டனார் கைப்பட எழுதிய கடிதமோ ஏதாவது ஒன்று இருக்கும். இன்று மாலை அதனை எடுத்துத் தூசு தட்டிப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டுவோம். துயருற்றிருக்கும் உறவினர் ஒருவர் நினைவுக்கு வருவாராயின், நான்கு வரி எழுதி அவருக்கு அனுப்புவோம். அவர் அதனை இன்றே படிக்காமற் போகலாம். மடித்து வைத்திருந்து, நாம் இல்லாத ஒரு நாளில் எடுத்துப் படிக்கவும் கூடும். அந்த நாளுக்காகவும் எழுதுவோம்.