சோபாவுக்கு ஏற்ற தெளிப்பான் எது?

பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காடுகளை அடுத்த கிள்ளையில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் துவைத்த துணிகூட இரண்டு நாள் கொடியிலேயே கிடக்கும். உப்பங்கழிக் காற்றின் ஈரம் அத்தகையது. அந்த ஊரில் சோபாவை நனைத்துவிட்டால் என்னவாகும்?

எங்கள் இல்லத்தில் என்னவாயிற்று என்று சொல்கிறேன். பெருநாளுக்கு மூன்று நாள் முன்னர் சோபாவைச் சுத்தம் செய்ய ஒருவரை அழைத்தோம். அழுக்கை இளக்கும் சோப்புக் கரைசலைக் குவளையால் ஊற்றித் தேய்த்தார். பிறகு இயந்திரத்தால் உறிஞ்சினார். மேல்துணி பளிச்சிட்டது. மறுநாள் இருக்கையை அழுத்தினால் நீர் கசிந்தது. பெருநாளன்று புளித்த வாடை. நடுவே பழுப்பு வளையம். வந்த விருந்தினரைப் பாய் விரித்து அமர்த்தினோம். (பாயில் அமர்ந்தவர்கள் மகிழ்ச்சியாகவே இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.)

கரைசல் நல்லதுதான், அதை இட்ட குவளையில்தான் பிழை. சோபாவின் துணி மெல்லியது. அதற்கடியில் இருக்கும் நுரைமெத்தையோ எவ்வளவு நீரையும் குடித்துவிடும். அது மெதுவாக உலரும்போது, உள்ளிருக்கும் அழுக்கும் பருத்தி இழையின் பழுப்பும் நீரோடு மேலேறி, துணியின் மீது தங்கிவிடுகின்றன. ஆகவே துணியை மட்டும், அதுவும் சீராக நனைக்கும் கருவியே நமக்குத் தேவை.

ஒற்றை நாற்காலிக்கோ ஒரு கறைக்கோ விசைப்பிடி வைத்த கைப்புட்டி போதும். ஓர் அழுத்தலுக்கு ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் வரும். முழு சோபாத் தொகுதிக்கு அது உதவாது. விரல் சலித்துப்போய் ஓரிடத்தில் அதிகமாகவும் மற்றோரிடத்தில் குறைவாகவும் விழும். அதற்கு 1 அல்லது 2 லிட்டர் கொள்ளும், காற்றழுத்தித் தெளிக்கும் பம்புப் புட்டியே ஏற்றது. அதன் முனை விசிறி போல் விரித்துத் தெளிப்பதாக இருக்க வேண்டும். நேர்தாரையாகப் பீய்ச்சும் முனை கரைசலை மெத்தைக்குள் செலுத்திவிடும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் நகர்த்த வேண்டும். பின்னர் மென்மையான தூரிகையால் இலேசாகத் தேய்த்து, புட்டியில் குறித்த நேரம், பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம், உலரவிடாமல் வைத்திருந்து உறிஞ்சி எடுக்க வேண்டும்.

எண்ணெய்க் கறைக்கான கரைப்பான் மருந்து சாதாரண ரப்பர் வளையத்தை ஊதச் செய்து கெடுத்துவிடும். அதற்கு வைட்டான் வளையம் கொண்ட தெளிப்பானைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி மிக முக்கியமான செய்தி. நம் பகுதியில் வயலுள்ள வீடுகளில் பூச்சிமருந்துத் தெளிப்பான் இருக்கும். "கழுவிவிட்டோமே" என்று அதையே எடுப்பவர் உண்டு. எவ்வளவு கழுவினாலும் குழாயிலும் வளையங்களிலும் நஞ்சின் மிச்சம் தங்கியிருக்கக் கூடும். அந்தச் சோபாவில்தான் நம் குழந்தைகள் முகம் புதைத்து உறங்குகிறார்கள். பிளீச்சிங் கரைசல் இருந்த புட்டியும் வேண்டாம். அதில் அமிலம் கலந்த மருந்து சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

சகோதரிகளே, துப்புரவுக்கு வருபவரிடம் கூலி பேசுவதற்கு முன் தெளிப்பானைக் காட்டச் சொல்லுங்கள். அதில் இதற்கு முன் என்ன இருந்தது என்றும் கேளுங்கள். சோபாவின் அடியில் சீட்டு இருந்தால் படியுங்கள். 'டபிள்யூ' என்றால் நீர்க்கரைசல் ஆகும். 'எஸ்' என்றால் கரைப்பான் மட்டுமே. 'எக்ஸ்' என்றால் எதையும் தெளிக்கலாகாது, தூசி உறிஞ்சுவதோடு சரி. சீட்டு இல்லாவிடில் கண்ணில் படாத மூலையில் சிறிது தெளித்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்கட்டும். சாயம் இறங்கினால் வேலையை நிறுத்திவிட வேண்டும்.

அடுத்த ஆண்டு, வளைகுடா நாட்டில் இதே தொழில் செய்து திரும்பிய இளைஞர் ஒருவரை அழைத்தோம். மூவர் அமரும் சோபாவுக்கு அரை லிட்டர்கூட அவர் செலவிடவில்லை. லுஹருக்கு முன் முடித்தார். மின்விசிறியைச் சுழலவிட்டிருந்தோம், மஃரிபு நேரத்தில் தொட்டுப் பார்த்தபோது துணி உலர்ந்திருந்தது. பழைய பழுப்பு வளையம் மட்டும் இன்னும் மங்கலாகத் தெரிகிறது.